வலைக்காக நான் எழுதிய மன்னிப்பு

என் மேஜைக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“பண்ணியா, பண்ணலியா?”

சிலர் திகைத்துப் போகிறார்கள். மனு எழுதிக்கொடு என்று வந்தால் இந்த அம்மா போலீஸ் மாதிரி கேட்கிறதே என்று முகம் சுளித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இனி ஒரு வரிகூட எழுதுவதாக இல்லை. கேட்காமல் எழுதிய ஒரு மனு என் தங்கை வீட்டு அடுப்பை அணைக்கப் பார்த்தது.

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் நிழலில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன். ஒரு மடக்கு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைத்தாள் கட்டு. எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது, இனி உனக்கு வேலை இருக்காது என்று பத்து வருஷமாகச் சொல்கிறார்கள். ஆன்லைனில் போட்டு நடக்காதவர்கள் எல்லாரும் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன். கிருத்திகை அன்றைக்கு மலைக்கு மொட்டை போட வந்தவர்கள்கூட, வந்ததுதான் வந்தோம் என்று சந்தனம் காயாத தலையோடு வந்து உட்காருவார்கள். பாதிப் பேர் தெலுங்கில் சொல்வார்கள். நான் தமிழில் எழுதுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனு எதைப் பற்றியதாக இருந்தாலும் ஆரம்பத்தில் பணிவு, முடிவில் மன்னிப்பு. ‘அறியாமல் நடந்த பிழையைப் பொறுத்தருளி, ஏழையின் குடும்ப நிலையைக் கருதி, கருணை காட்டுமாறு தங்கள் பொற்பாதம் பணிந்து வேண்டுகிறேன்.’ எனக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரும் இப்படித்தான் எழுதினார். சர்வேயர் தப்பாக அளந்து ஒருவனுடைய நிலத்தைப் பக்கத்துக்காரனுக்கு எழுதிவிட்டாலும், நிலத்தை இழந்தவன்தான் மன்னிப்புக் கேட்பான். அதிகாரியின் மனம் குளிர வேண்டும், அப்போதுதான் பேனா நகரும். இதை நான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். “அந்தம்மா எழுதினா காரியம் ஆவும்” என்று ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவார்கள். எனக்குத் தலை கனத்துத்தான் கிடந்தது.

வீட்டில் எனக்கு வாய் அதிகம். பால்காரரிலிருந்து பங்குச் சாமியார் வரை யாரையும் விட்டுவைத்ததில்லை. மேஜைக்குப் போனால் மட்டும் முதுகு தானாக வளைந்துவிடும். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

என் தங்கையைப் பழவேற்காடு பக்கம் ஒரு குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் இப்படித்தான் சம்பந்தம் நடக்கும், மாதா திருவிழாவில் பார்த்துப் பேசி முடித்தது. மலையடிவாரத்தில் பிறந்தவள் கடற்கரையில் எப்படிக் குப்பை கொட்டுவாள் என்று நாங்கள் பயந்தோம். அவள் அங்கே போய் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். மீன் ஏலத்தில் அவள் குரல் கேட்டால் வியாபாரிகள் விலையைத் தணித்துப் பேச மாட்டார்களாம். அவள் புருஷன் நேர்மாறு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரு ஃபைபர் படகு, ஒரு வலை. அதுதான் அவர்கள் சொத்து.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேஜையை விரித்துக்கொண்டிருந்தபோது இருவரும் எதிரே வந்து நின்றார்கள். காலை முதல் ரயிலில் கிளம்பியிருக்கிறார்கள். தங்கையின் கண் சிவந்திருந்தது. அழுததால் இல்லை, ஆத்திரத்தால்.

“மீன்வள ஆபீசுக்காரங்க வலைய எடுத்துகினு போய்ட்டாங்க அக்கா. கண்ணு சின்னதாம். சட்டத்துக்கு ஒத்து வராதாம். எரிச்சிடுவாங்களாம்.”

வலையின் ஓட்டையைத்தான் அவர்கள் கண் என்பார்கள். கண் இத்தனை அளவுக்குக் குறையக் கூடாது என்று சட்டம். குறைந்தால் குஞ்சு மீனும் மாட்டிச் சாகும், அடுத்த வருஷத்துக்குக் கடலில் ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, தங்கை புருஷனுக்கும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் சின்னக் கண் வலை வேண்டாம் என்று கை தூக்கினவர்களில் அவரும் ஒருவர். சுருக்குமடி வலையைச் சுற்றிப் போட்டுப் பெரியதும் சின்னதுமாகக் கடலையே வழித்துக்கொண்டு போகிறவர்கள் தூரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு ஜம்மென்று போகிறார்கள். கரையில் வலையைக் காயப்போட்டு உட்கார்ந்திருந்த இவரிடம் வந்து ஸ்கேலை நீட்டினார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

“அளந்தது தப்பு அண்ணி. வலைய நனைச்சு, இழுத்துப் புடிச்சு, மேல் முடிச்சுல இருந்து எதிர் முடிச்சுக்கு அளக்கணும். அளக்க வந்தவரு காஞ்ச வலையில, ஒரு பக்கத்த மட்டும் அளந்தாரு. பாதிதான வரும்?”

என் முன்னால் இருந்த வெள்ளைத்தாளில் ஒரு கண்ணை வரைந்தும் காட்டினார். சாய்சதுரம். நாலு பக்கம், நாலு முடிச்சு. ஒரு பக்கத்தை அளப்பதற்கும், இழுத்துப் பிடித்து எதிர் எதிர் முடிச்சை அளப்பதற்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் அப்பா நெசவுக்காரர். இழுத்து அளந்த துணியும் சுருட்டி வைத்த துணியும் ஒரே அளவு இல்லை என்பது எங்கள் வீட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

புரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இதெல்லாம் எழுதக்கூடாது தம்பி. உங்களுக்கு அளக்கத் தெரியலன்னு ஆபீசரப் பாத்து சொன்ன மாதிரி ஆயிடும். கோவப்பட்டா வல திரும்பி வராது. நா எழுதறேன் பாருங்க, கல்லும் கரையும்.”

“அளவ எழுதினா நல்லது அண்ணி” என்றார் மறுபடியும்.

“என் வேலைய என்கிட்ட விடுங்க.”

நான் எழுதினேன். கை தானாக ஓடியது. ஏழை மீனவன், இரண்டு பெண் பிள்ளைகள், வேறு பிழைப்பு இல்லை, அறியாமல் நடந்த பிழையைப் பொறுத்தருளி. கீழே விரலை வைத்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். எட்டாவது வரை படித்தவர், தமிழ் நன்றாகவே வாசிப்பார். ஆனாலும் வாசிக்கவில்லை. அண்ணி எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை போனில் ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். நான் மேஜையில் ஒருவருக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தேன். ‘மனுதாரர் தமது மனுவில் பிழையைத் தாமே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், வலையை மறுபடி அளக்க வேண்டிய தேவை எழவில்லை.’ வலையை அழிக்க ஒரு தேதி. ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன்னால் நேரில் வரலாம் என்று கடைசியில் ஒரு வரி.

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. எதிரே இருந்த கிழவர், “இன்னாமா ஆச்சு, தண்ணி குடி” என்றார். தங்கை புருஷன் பிழை செய்யவில்லை. செய்ததாக எழுதியவள் நான். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் தலையில் இந்த ஒரு வரியைக் கட்டியிருக்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பயந்து நிறுத்திவிட்டேன்.

தங்கைக்குப் போன் போட்டேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

“படகு கரையில கெடக்குது அக்கா. இவுரு தெனம் போய் அது பக்கத்துல உக்காந்துகினு வராரு. இன்னா பண்ணலாம் சொல்லு.”

“நா வரேன்” என்றேன்.

மறுநாள் விடியற்காலை ரயில். பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். வழி நெடுக ஒரு புது மனுவை மனதில் எழுதி எழுதி அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ‘கருணை’ வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் எந்தக் காகிதமும் இல்லாமல்தான் அந்த மீன்வள அலுவலகத்துக்குள் போனேன். தங்கையும் அவள் புருஷனும் வாசலில் காத்திருந்தார்கள். நான் வெறும் கையோடு வருவதைப் பார்த்துத் தங்கை முகம் சுருங்கியது.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி கொடுத்தார். மேஜை மேல் மாத்திரை அட்டை கிடந்தது, பாவம், அவருக்கும் ஏதோ தலைவலி. ஃபைலைத் திறந்து என் மனுவை எடுத்து என் பக்கமே திருப்பிக் காட்டினார். முத்து முத்தான என் எழுத்து. அதைப் பார்த்துக் கூசியது அன்றைக்குத்தான்.

“அவரே ஒத்துக்கிட்டிருக்காரேம்மா. நா என்ன பண்றது?”

“அவரு ஒத்துக்கல சார். அத எழுதினது நான்.”

“கையெழுத்து அவருதுதானே?”

“ஆங். அவருதுதான். படிக்காம போட்டாரு. என்கிட்ட வர்ற எவரும் படிச்சதில்ல, நா படிச்சுக் காட்டினதும் இல்ல. வீட்டுக் கதவு எண் தப்பா இருந்தா திருத்தச் சொல்லி எழுதுற மனுவுலயும் இதே வரிய எழுதுவேன். எங்க ஊருல வந்து எந்த ஃபைல வேணா பிரிச்சுப் பாருங்க, எல்லாரும் பிழை பண்ணவங்கதான். இது என் வழக்கம் சார். வாக்குமூலம் இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அதுக்காக ஆர்டர மாத்த முடியுமா?”

“ஆர்டர மாத்த வேணாம். வலைய அளங்க.”

“ஏற்கெனவே அளந்தாச்சு.”

“காஞ்ச வலையில ஒரு பக்கம் அளந்தது அளவு இல்ல. நனைச்சு, இழுத்து, முடிச்சுக்கு எதிர் முடிச்சு அளங்க. சின்னதா இருந்தா நானே தீப்பெட்டி வாங்கித் தரேன். அளக்க முடியாதுன்னா, ‘அளக்கச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்தேன்’னு ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் குடுங்க. அது போதும், நா போய்டறேன்.”

என் முதுகு நேராக இருந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன். அதிகாரியிடம் ‘எழுதிக் கொடுங்கள்’ என்று என் வாழ்நாளில் கேட்டதில்லை. எழுதிக் கொடுப்பது எப்போதும் நாங்கள்தான். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு மணியை அடித்து, “ஷெட்டுச் சாவி எடுத்துட்டு வா” என்றார்.

வலையைப் பின்பக்கத்து ஷெட்டிலிருந்து இழுத்து வந்து முற்றத்தில் போட்டார்கள். தங்கை யாரையும் கேட்காமல் குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினாள். அவள் புருஷன் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு கண்ணை விரித்து இழுத்துப் பிடித்தார். அன்றைக்குக் கரையில் அளந்த அதே இளைஞர்தான் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலோடு. வேலைக்குப் புதிது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு இடத்தில் வைத்தார். சட்டம் கேட்ட அளவுக்குமேல் அரை விரல் அதிகம் இருந்தது. இன்னொரு இடம். இன்னொரு இடம். அதிகாரியே வேட்டி மடிப்பது போல் பேண்டைச் சற்று ஏற்றிக்கொண்டு குந்தி, நான்காவது இடத்தை அளந்தார். அங்கேயும் அதிகம்தான்.

“நா அன்னிக்கே சொன்னேன் சார்” என்றார் தங்கை புருஷன். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. என்னிடமும் அன்றைக்கே சொன்னார், இரண்டு தடவை.

வலையை விடுவிக்க உத்தரவு எழுதினார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பேன். வலையைச் சுருட்டும்போது தங்கை ஒரு சத்தம் போட்டாள். ஷெட்டில் கிடந்த வாரங்களில் எலி புகுந்திருக்கிறது. அங்கங்கே கை நுழையும்படி ஓட்டை. ஒரு ஓரத்தில் கயிற்றையே கடித்துத் துண்டாக்கியிருந்தது. இப்படியே கடலில் போட்டால் மீன் வந்த வழியே போய்விடும்.

குமாஸ்தா அம்மா உள்ளேயிருந்து ஒரு ரசீதைக் கொண்டுவந்து நீட்டினார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. ‘மேற்படி வலையை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’

தங்கை புருஷன் பேனாவை வாங்கிவிட்டார். வலை கிடைத்ததே பெரிது என்கிற முகம். பேனா முனை காகிதத்தைத் தொடப்போன நேரத்தில் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“படிங்க தம்பி.”

“அண்ணி, விடுங்க. தச்சிக்கலாம்.”

“தச்சிக்கலாம். மொதல்ல படிங்க.”

படித்தார். ‘நல்ல நிலையில்’ என்ற இடத்தில் நின்றார். வலையைத் திரும்பிப் பார்த்தார்.

“இது எல்லாருக்கும் குடுக்குற ரசீதுங்க. எல்லாரும் இதுலதான் போடுவாங்க” என்றார் குமாஸ்தா அம்மா.

“தெரியும்மா” என்றேன். “எல்லாரும் போடுறத எழுதித்தான் இவ்ளோ தூரம் வந்து நிக்கறோம்.”

அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டு, உள்ளபடி எழுதினால்தான் கையெழுத்து என்றேன். அடித்தல் திருத்தல் இருந்தால் ரசீது செல்லாது, ரசீது இல்லாமல் வலை வெளியே போகாது என்றார் குமாஸ்தா அம்மா. அப்போதுதான் என் தங்கை ஒரு காரியம் செய்தாள். ஈர வலையின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். புடவை நனைந்தது. முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டாள், வெயிலுக்கு.

“கெடக்கட்டும் அக்கா. நானும் இங்கயே கெடக்கறேன்.”

வந்தவர் போனவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. குமாஸ்தா அம்மா சாப்பிட்டுவிட்டு வந்தார். எங்களுக்கும் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. நான் வாங்கிக்கொண்டேன். சண்டை வேறு, பசி வேறு.

கடைசியில் அதிகாரியே வெளியே வந்தார். வலைமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சரிம்மா. வெள்ளைத்தாள்ல நீங்களே எழுதிக் குடுங்க. என்ன வேணா எழுதுங்க, ஆனா சீக்கிரம்.”

படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன். எத்தனை ஓட்டை என்று கேட்டேன், தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே வலையைப் புரட்டிப் புரட்டி எண்ணிச் சொன்னாள். பணிவு இல்லை, பாதம் இல்லை, கருணை இல்லை. ‘அளவு சரியாக இருந்ததால் வலை திரும்பக் கொடுக்கப்பட்டது. அலுவலக ஷெட்டில் இருந்த காலத்தில் எலி கடித்து எட்டு இடங்களில் கிழிந்துள்ளது. ஓரக் கயிறு ஒரு இடத்தில் அறுந்துள்ளது. இந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ நாலே வரி. இவ்வளவு சின்னதாக நான் எதையும் எழுதியதில்லை. என் வாழ்நாளிலேயே நல்ல எழுத்து இதுதான் என்று ஒரு கர்வம்கூட வந்துவிட்டது. தங்கை புருஷனிடம் நீட்டி, பழைய பழக்கத்தில் கீழே விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசைய, சத்தமாகவே படித்தார். அதிகாரி நின்றுகொண்டிருந்தார். குமாஸ்தா அம்மாவும் நின்றார். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை படித்தார். பிறகு வலைக்குப் போய், பெண்டாட்டியை எழுந்திருக்கச் சொல்லி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தூக்கி விரித்துப் பார்த்தார். திரும்பி வந்து காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

“எட்டுன்னு எழுதிகிறீங்க அண்ணி. ஒம்போது. மாத்துங்க, அப்பறம் போடறேன்.”

மாற்றினேன்.